கூண்டேறாத சாட்சிகள்

1994 மே 10ஆம் தேதி அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், போர்ட்டேஜ் என்ற ஊரிலுள்ள சிறையில் ஜெஃப்ரி டாமர் என்ற கைதிக்கு ஞானஸ்நானம் நடந்தது. 17 பேரைக் கொன்றவன். சிறைக்குள் முழுக்குக் கொடுக்கத் தொட்டி எதுவும் இல்லை. கைகால் பிடிப்புக்கு வைத்தியம் பார்க்க வைத்திருந்த சுழல்நீர்த் தொட்டியில் அவனை உட்காரவைத்து, ராய் ராட்கிளிஃப் என்ற சபை ஊழியர் தண்ணீருக்குள் அமிழ்த்தி எடுத்தார். அதே நாள் நள்ளிரவு தாண்டியதும் பக்கத்து மாநிலமான இல்லினாயில், 33 பேரைக் கொன்ற ஜான் வேய்ன் கேஸிக்கு விஷ ஊசி போட்டு மரண தண்டனை நிறைவேற்றியிருந்தார்கள். போதாததற்குப் பகலில் சூரிய கிரகணம் வேறு. இந்த மூன்றும் எங்கள் ஊரில் ஒரே நாளில் கூடி வந்திருந்தால் ஜோசியர்கள் ஒரு வருஷத்துக்குப் பிழைத்திருப்பார்கள்.

இந்த ஞானஸ்நானம் எனக்குத் தெரியவந்தது ஒரு தொடரின் வழியாக. 2022 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. டாமரைப் பற்றியது, பத்துப் பகுதி. கடைசிப் பகுதியின் தலைப்பிலேயே மன்னிக்கும் கடவுளும் பழிவாங்கும் கடவுளும் இருக்கிறார்கள். அறுபது நாளுக்குள் உலகம் முழுக்க 100 கோடி மணி நேரத்துக்கு மேல் பார்க்கப்பட்டது என்று நிறுவனமே அறிவித்தது. அதில் எங்கள் வீட்டுக் கணக்கும் சேர்த்தி. லீவுக்கு வந்த தம்பி மகள்தான் டிவியில் போட்டாள். "அத்தை, உங்களுக்குத்தான் கொலை கேஸ்னா புடிக்குமே" என்றாள். பிடிக்கும் என்று நான் எப்போதும் சொன்னதில்லை. மதுரை நீதிமன்றத்தில் சுருக்கெழுத்துத் தட்டச்சர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கொலை வழக்கு என்பது எனக்குப் பிடித்த விஷயம் என்பதைவிட, பழகிப்போன விஷயம் என்பதே சரி.

தொடரைவிட, பார்த்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் எனக்குச் சுவாரஸ்யம். மூன்றாம் பகுதி முடிவதற்குள் தம்பி மகள் இளகிவிட்டாள். "அப்பா அம்மாவுக்கு ஓயாத சண்டை, தனியா வீட்ல விட்டுட்டுப் போயிட்டாங்க, பாவம் அத்தை." டாமராக நடித்த எவன் பீட்டர்ஸின் முகம் அப்படி, திகைத்துப்போய் நிற்கிற முகம். என் தம்பிக்கு வேறு கோபம்: "இவனுக்கு எதுக்கு ஜெயில்ல உக்கார வச்சு சோறு? தூக்குல போட வேண்டியதுதானே." விஸ்கான்சின் மரண தண்டனையை 1853லேயே ஒழித்துவிட்டது என்று சொன்னேன். அது அந்த மாநிலத்தின் தப்பு என்றான். எதிர்வீட்டு டீச்சர் சிஎஸ்ஐ சபை. கடைசிப் பகுதியை மட்டும் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சிலுவையில் கூடத் தொங்கின கள்ளனுக்கே பரதீசு கெடச்சுதே அக்கா. இவனுக்கு மட்டும் கெடைக்காதா?" என் நாத்தனார் வெடுக்கென்று சொன்னாள்: "அப்படின்னா அந்தப் பரதீசு எனக்கு வேண்டாம்."

நான்கு பேர், நான்கு தீர்ப்பு. நான்குமே அவனைப் பற்றியவை. அவன் பாவமா, அவனைத் தூக்கில் போடலாமா, அவன் மனந்திரும்பினது நிஜமா, அவனுக்கு மேலே இடம் உண்டா. வாரந்தோறும் சிறைக்குப் போய் அவனோடு வேதம் படித்த ராட்கிளிஃபிடமும் எல்லோரும் கேட்டது அதைத்தான்: நிஜமாகவே திருந்தினானா? நிஜம்தான் என்று அவர் கடைசிவரை சொன்னார். புத்தகமும் எழுதினார். முழுக்கு நடந்து ஆறு மாதம் கழித்து, நவம்பர் 28 அன்று, சிறைக்குள்ளேயே இன்னொரு கைதி டாமரை இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றான்.

கடவுள் மன்னிப்பாரா என்ற கேள்வியில் நான் டீச்சர் கட்சி. ஆனால் என் ஆதாரம் அவருடையதல்ல. பிறந்து வளர்ந்த ஊர் மதுரை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணத்தில் 26ஆவது மாபாதகம் தீர்த்த படலம். அவந்தியில் ஒரு அந்தணன் மகன், பெற்ற தாயிடமே முறைதவறி நடக்கிறான், அதைக் கண்டுகொண்ட தகப்பனை வெட்டிக் கொல்கிறான். பிரமகத்தி பிடித்து ஊர் ஊராகத் துரத்த, மதுரைக்கு வந்து சேர்கிறான். சொக்கநாதரும் மீனாட்சியும் வேடனும் வேட்டுவச்சியுமாக வந்து எதிர்ப்படுகிறார்கள். சுவாமி அவனுக்கு வழி சொல்கிறார்: பிச்சையெடுத்து ஒருவேளை சாப்பிடு, அடியார்களுக்குத் தொண்டு செய், பசுவுக்குப் புல் பறித்துப் போடு, தீர்த்தத்தில் மூழ்கிக் கோயிலைச் சுற்றி உருண்டு வா. அவன் போனதும் அம்மை கேட்கிறாள், இப்பேர்ப்பட்டவனுக்கு ஏன் இரங்கினீர்கள் என்று. வேறு போக்கிடமே இல்லாதவனைக் காப்பதுதானே காப்பது என்கிற கருத்தில் சுவாமி பதில் சொல்கிறார். நம் வீட்டுக் கூடத்தில் நடந்த சண்டையைப் பரஞ்சோதி முனிவர் கோபுர வாசலிலேயே நடத்தி முடித்துவிட்டார். என் நாத்தனார் கட்சியில் சாட்சாத் மீனாட்சியே இருக்கிறாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே கடவுள் மன்னிக்கலாம். அது அவர் அதிகாரம். என் சங்கடம் அங்கே இல்லை.

அதற்கு முந்தைய படலத்தை யாரும் சேர்த்துப் படிப்பதில்லை. 25ஆவது பழியஞ்சின படலம், அசல் கொலை விசாரணை. ஒரு அந்தணன் மனைவியையும் கைக்குழந்தையையும் ஆலமரத்தடியில் உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போகிறான். எப்போதோ யாரோ எய்து கிளையில் சிக்கியிருந்த அம்பு, காற்றில் நழுவி விழுந்து அவளைக் கொன்றுவிடுகிறது. பக்கத்தில் ஒரு வேடன் இளைப்பாறிக்கொண்டிருக்கிறான், கையில் வில். இதைவிடப் பலமான சந்தர்ப்ப சாட்சியம் ஒரு வழக்கில் கிடைக்குமா? பாண்டியன் அவனைப் பிடித்து வதைத்தும் அவன் நான் இல்லை என்கிறான். ராஜாவுக்கு மனது ஒப்பவில்லை. கோயிலில் போய் முறையிடுகிறான். சுவாமி தீர்ப்பைத் தானே சொல்லிவிடவில்லை. இன்ன தெருவில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போ, அந்த அந்தணனையும் கூட அழைத்துக்கொண்டு போ என்கிறார். அங்கே எமதூதர் இருவர் பேசிக்கொள்வது இருவர் காதிலும் விழுகிறது. மரத்திலிருந்த அம்பை விழவைத்து அவள் உயிரை எடுத்தது போல, இந்த மாப்பிள்ளையை மேளச் சத்தத்தில் மிரண்ட மாட்டைக் கொண்டு எடுத்துவிடலாம் என்கிறார்கள். அப்படியே நடக்கிறது.

நான் கவனிப்பது அந்த அந்தணனை. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன். உண்மை ராஜாவுக்குத் தெரிந்தால் போதும் என்று சுவாமி விடவில்லை. பாதிக்கப்பட்டவன் தன் காதாலேயே கேட்டாக வேண்டும். அடுத்த படலத்துக்கு வந்தால் அந்த நாற்காலி காலி. கொலையுண்ட தகப்பனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாயைக் காட்டில் வழிப்பறிக்காரர்கள் கொண்டுபோகிறார்கள், அதற்கப்புறம் கதை அவளைத் தேடவே இல்லை. பாவி மதுரைக்கு வருகிறான், உருள்கிறான், சுத்தமாகிறான். பக்தியோடுதான் சொல்கிறேன், அந்தப் படலத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாள் ஞாபகம்தான்.

பௌத்தர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கண்டிப்பு. அங்குலிமாலன் கதை தெரிந்ததுதான்: கொன்றவர்களின் விரல்களை மாலையாகக் கோத்துப் போட்டுக்கொண்டவன், புத்தரைத் துரத்திப்போய் அவரிடமே துறவியானவன். சினிமாவாக இருந்தால் அங்கே சுபம் போட்டுவிடுவார்கள். பாலி சூத்திரம் அதற்கப்புறமும் போகிறது. அவன் பிச்சைக்கு ஊருக்குள் போகிறான். ஒருத்தர் எறிந்த மண்ணாங்கட்டி படுகிறது, ஒருத்தர் எறிந்த தடி படுகிறது. மண்டை உடைந்து ரத்தம் வழிய, திருவோடு உடைந்து, காவி கிழிந்து திரும்பி வருகிறான். அவன் அப்போது அருகன் நிலையை அடைந்துவிட்டவன், ஞானத்தில் குறை ஒன்றுமில்லை. அப்படியும் புத்தர் ஊர்க்காரர்களைக் கண்டிக்கவில்லை. அவன் மாறிவிட்டான், நீங்களும் மன்னித்துவிடுங்கள் என்று ஊருக்குள் ஆள் அனுப்பவில்லை. பொறுத்துக்கொள், செய்ததன் பலனை இங்கேயே அனுபவிக்கிறாய் என்று அவனிடம்தான் சொல்கிறார். அவன் சொன்ன சத்திய வாக்கைத்தான் இலங்கையில் இன்றும் கர்ப்பிணிகளுக்குப் ‘பிரித்’ என்ற காப்பு ஓதலாக ஓதுகிறார்கள். அவன் மாறினான் என்பதற்கு அதைவிடப் பெரிய மரியாதை ஏது? ஆனாலும் கல் எறிந்தவர்களின் பெயரைச் சூத்திரம் கெடுக்கவில்லை. அந்தக் கல்லுக்கு இடம் விட்டு எழுதியவர் யாரோ, அவர் மனிதர்களைத் தெரிந்தவர்.

யூதர்களின் மிஷ்னா சட்டமாகவே எழுதி வைத்துவிட்டது. கடவுளுக்கு எதிரான பாவம் பிராயச்சித்த நாளில் தீரும். சக மனிதனுக்குச் செய்தது, அவனைச் சமாதானப்படுத்தும்வரை தீராது. கொலையில் சமாதானப்படுத்த ஆள் இல்லை. கணக்கு அப்படியே நிற்கிறது.

டாமர் வழக்கு நடந்த மில்வாக்கிக்கு வருகிறேன். 1992 பிப்ரவரி. டாமர் கொலைகளை ஒப்புக்கொண்டு, ஆனால் எனக்குப் புத்தி சரியில்லை என்று வாதாடினான். ஜூரர்கள் ஏற்கவில்லை. 15 ஆயுள் தண்டனை, ஒன்றன்பின் ஒன்றாக. தண்டனை சொல்வதற்கு முன் செத்தவர்களின் குடும்பத்தார் ஒவ்வொருவராக வந்து பேசலாம் என்று கோர்ட் அனுமதித்தது. 19 வயதில் கொல்லப்பட்ட எரோல் லிண்ட்ஸியின் அக்கா ரீட்டா இஸ்பெல் பேச வந்தவர், பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டு உடைந்து, அவனைப் பார்த்துக் கத்தி, மேசையை நோக்கிப் பாய, கோர்ட் காவலர்கள் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். தொடரில் இந்தக் காட்சி அப்படியே வருகிறது. அதே உடை, அதே தலைமுடி, அதே சொற்கள். பார்த்தவர்கள் பழைய கோர்ட் வீடியோவையும் புதுக் காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, அச்சு அசல் என்று கொண்டாடினார்கள். என் தம்பி மகளும் காட்டினாள்: "ஒரு வித்தியாசம் கண்டுபுடிங்க பாப்போம்." இஸ்பெலிடம் யாரும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. திரையில் தன் பெயரோடு தன்னையே பார்த்தது அந்த நாளைத் திரும்ப வாழ்ந்ததுபோல இருந்தது என்று அவரே பிறகு எழுதினார். தொடர் ஈட்டிய பணத்தில் கொஞ்சம் செத்தவர்களின் பிள்ளைகளுக்குப் போயிருந்தாலாவது மனது ஆறியிருக்கும் என்ற பொருளிலும் சொன்னார். செத்தவர்களில் ஒருவரான, காது கேளாத, வாய் பேசாத டோனி ஹியூஸின் கதைக்குத் தொடரில் ஒரு முழுப் பகுதி ஒதுக்கியிருந்தார்கள், பார்த்தவர்கள் பலரும் அதைத்தான் சிறந்தது என்றார்கள். அவருடைய தாயார் ஷெர்லி ஹியூஸ், நடந்தது அப்படி இல்லை என்றார்.

இந்த இடத்தில் என் தொழில் புத்தி குறுக்கே வருகிறது. என் காலத்துக் கோர்ட்டில் குடும்பத்தார் கூண்டில் ஏறி மனதில் இருப்பதைக் கொட்டும் வழக்கம் கிடையாது. தாய் என்றால் அவள் அரசுத் தரப்பு சாட்சி 2, கேட்டதற்கு மட்டும் பதில். ஒரு வழக்கு. டவாலி மூன்று தரம் கூப்பிட்டு ஓர் அம்மாள் கூண்டேறினாள். பெஞ்ச் கிளார்க் அரக்கு முத்திரையை உடைத்து, துணிப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கட்டம் போட்ட சட்டையை எடுத்தார். ரத்தம் காய்ந்து அட்டை மாதிரி விறைத்திருந்தது, மடிப்பு விரிய மறுத்தது. அரசு வக்கீல் கேட்டார், இது யாருடையது என்று. என் மகன் சட்டைதான் ஐயா என்றாள். அதோடு நிற்காமல், "இத எனக்குக் குடுத்துருவீகளா?" என்றாள். நீதிபதி ஒரு கணம் பேனாவை வைத்தார். பிறகு எனக்குச் சொன்னார், நான் எடுத்துக்கொண்டேன்: சான்றுப் பொருள் 3 என் மகனுடைய சட்டை. அவள் கேட்டது பதிவில் இல்லை. வாக்குமூலத்துக்கு அது தேவையில்லை. தீர்ப்பின் கடைசிப் பத்தியையும் நான்தான் அடித்தேன், எல்லாத் தீர்ப்பிலும் வருகிற அதே பத்தி: சான்றுப் பொருட்கள் மதிப்பற்றவை, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

மதிப்பற்றவை. 2022ல் அந்தத் தொடர் வந்த சூட்டில், டாமர் சிறையில் போட்டிருந்த மூக்குக் கண்ணாடிக்கு ஒரு கடைக்காரர் 1,50,000 டாலர் விலை சொன்னார். ஹாலோவீனுக்கு அவனைப்போல வேஷம் கட்டும் உடைகளின் விற்பனையை ஈபே தளம் தடைசெய்ய வேண்டியிருந்தது. ஆனால் 1996ல் மில்வாக்கி நகரம் வேறு மாதிரி நடந்துகொண்டது. டாமரின் பொருட்களை ஏலம் விட்டு, கிடைக்கும் பணத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று அவர்களுடைய வக்கீல் ஏற்பாடு செய்தார். சட்டப்படி அவர்களுக்குச் சேர வேண்டியதுதான். ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி 4,00,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்து, ஏலம் போகாமல் அத்தனையையும் வாங்கி அழித்துப் புதைத்தார்கள். அவன் குடியிருந்த ஆக்ஸ்ஃபோர்டு அடுக்ககத்தை அதற்கு முன்பே, 1992ல், இடித்துவிட்டிருந்தார்கள்.

இதையெல்லாம் சொன்னபோது டீச்சர் கொஞ்சம் வருத்தப்பட்டார். அப்படியென்றால் யாரும் மன்னிக்கவே கூடாதா, இயேசு சொன்னது என்ன ஆவது என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை. ரீட்டா இஸ்பெல் மன்னித்தால் காலில் விழுந்து கும்பிடுவேன். மன்னிக்காவிட்டாலும் அதே மரியாதை. என் எரிச்சல் எங்கள் எல்லோர் மேலும்தான். சோபாவில் முறுக்குத் தட்டோடு உட்கார்ந்து ஒருத்தி அவனுக்கு இரங்கினாள், ஒருத்தன் அவனைத் தூக்கில் போட்டான். இரண்டுக்கும் நாங்கள் கொடுத்த விலை மாதச் சந்தா. பறிகொடுக்காதவர்களுக்கு மன்னிப்பு சுலபமாக வரும், ஆத்திரமும் சுலபமாக வரும். பொருத்திப் பார்க்கச் சொந்த அம்பு ஒன்றும் நம் வீட்டு மரத்திலிருந்து விழவில்லையே. தம்பி மகள் ஒரு நல்ல கேள்வி கேட்டாள்: "பாவம்னு தோணுறதே தப்பா அத்தை?" தப்பில்லை. அது தானாக வருகிறது. ஆனால் யாருக்காக வருகிறது என்பதை எடுத்தவர்கள் கேமராவை வைத்த இடம் தீர்மானித்துவிடுகிறது, அதைக் கருணை என்று நாம் எழுதிக்கொள்கிறோம்.

இன்னொன்று. இத்தனை பேர் மோட்ச விசாரணை நடத்தினோமே, அந்த இரண்டு போலீஸ்காரர்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. 1991 மே 27 அதிகாலை, மில்வாக்கித் தெருவில் லாவோஸ் குடும்பத்துப் பையன் ஒருவன், 14 வயது, துணியில்லாமல், மயக்க மருந்தின் தள்ளாட்டத்தில் ரத்தம் வழிய ஓடி வருகிறான். இரண்டு கறுப்பினப் பெண்பிள்ளைகள் பார்த்துப் போலீசைக் கூப்பிடுகிறார்கள். டாமர் வந்து, இவன் பெரியவன்தான், என் சிநேகிதன், குடித்திருக்கிறான் என்கிறான். ஜான் பால்ஸர்ஸாக், ஜோசப் கேப்ரிஷ் என்ற அந்த இரண்டு பேரும் பையனை டாமர் வீட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டுப் போனார்கள். டாமர் அப்போது நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தான், அதுவும் இதே பையனின் அண்ணனிடம் தவறாக நடந்த வழக்கில். பெயரைச் சொல்லி விசாரித்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். பையன் அன்றே செத்தான். ஜூலையில் டாமர் பிடிபடுவதற்குள் இன்னும் நான்கு பேர்.

அந்தப் பெண்பிள்ளைகளில் ஒருத்தியின் தாய் கிளெண்டா கிளீவ்லாண்ட். அவர் போலீசுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தார், அது சின்னப் பையன் இல்லையா, நிச்சயமாகத் தெரியுமா என்று. பெரிய ஆள்தான் என்று பதில் வந்தது. தொடரில் அவரைப் பக்கத்து வீட்டுக்காரியாக்கிச் சுவர் வழியாகச் சத்தம் கேட்கவைத்திருக்கிறார்கள். நிஜத்தில் அவர் இருந்தது பக்கத்துக் கட்டடம். அவராக நடித்த நீசி நாஷ் எம்மி விருது வாங்கியபோது மேடையில் அவர் பெயரைச் சொன்னார், நல்ல காரியம். கிளீவ்லாண்ட் அதற்கு வெகு முன்பே, 2010ல், இறந்துவிட்டார்.

போலீஸ்காரர்கள் இருவரையும் வேலையைவிட்டு நீக்கினார்கள். 1994ல், அந்தச் சுழல்நீர்த் தொட்டி முழுக்கு நடந்த அதே வருஷத்தில், கோர்ட் உத்தரவில் சம்பளப் பாக்கியோடு இருவரும் திரும்ப வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். 2005ல் பால்ஸர்ஸாக் மில்வாக்கி போலீஸ் சங்கத்துக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், சக போலீஸ்காரர்களின் ஓட்டில். அவருக்குப் பரதீசில் இடம் உண்டா என்று டீச்சரிடம் கேட்டேன். "அவர் என்ன கொலையா செஞ்சார்?" என்றார் டீச்சர்.